புகைப் பரிசோதனையும் கியர் பெட்டியும்

எட்டாம் வகுப்பில் ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தில் உராய்வை நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், புகை டெஸ்ட் எடுத்தா கியர் பாக்ஸ் போயிடும்னு எங்க அப்பா சொல்றாங்க. நிஜமா சார்?” அவளுடைய தந்தை டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுபவர். கியர் பெட்டி பழுதானால் பல நாள் வருமானம் போகும். சான்றிதழ் இல்லாவிட்டால் அபராதம். எனவே ‘சரி’, ‘தவறு’ என்று விடை சொல்லாமல், கேள்வியைச் சோதிக்கத்தக்கதாக மாற்றினேன்: பரிசோதனையின்போது என்ஜினின் திறன் கியர் பெட்டி வழியாகச் சக்கரத்துக்குச் செல்கிறதா?

செயல்பாடு

தேவை: ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரம் தூக்கி நிற்கும் ஒரு சைக்கிள். சங்கிலி அருகே விரல் போகாமல் ஆசிரியர் உடனிருக்க வேண்டும்.

1. சங்கிலியைக் கழற்றிவிட்டு மிதியைக் கையால் சுற்றுதல். மிதி சுற்றும், சக்கரம் அசையாது.
2. சங்கிலியை மாட்டிச் சுற்றுதல். சக்கரம் எளிதாகச் சுழலும்.
3. பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்றுதல். மிதி கனக்கும்; சங்கிலி விறைக்கும்.

மூன்றாம் நிலையில்தான் பாகங்களுக்குச் சுமை என்பதை மாணவர்களே கூறினர்.

கலந்துரையாடல்

நம் நாட்டில் பெட்ரோல் காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, சைலன்சர் குழாயில் கருவியைச் செருகி கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவுகளைப் பார்க்கிறார்கள். டீசல் காரை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலேட்டரைச் சில முறை முழுவதும் அழுத்தி விட்டுப் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். இரண்டிலும் சக்கரங்கள் சுழல்வதில்லை. இது முதல் நிலையைப் போன்றது. கியர் பெட்டிக்குச் சுமை இல்லை. டீசல் சோதனையில் உழைப்பது என்ஜின்தான். ஆகவே என்ஜின் ஆயிலின் அளவைச் சரிபார்த்து, என்ஜின் சூடேறிய பிறகு சோதிப்பதும், தேய்ந்த டைமிங் பெல்ட்டை முன்பே மாற்றுவதும் நல்லது.

அப்படியானால் அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதா? இல்லை. அமெரிக்காவின் சில மாநிலங்கள் 1990களில் ஐ.எம்.240 என்னும் சோதனையைக் கொண்டுவந்தன. அதில் கார் உருளைகள்மேல் 240 வினாடிகள், மணிக்கு 91 கி.மீ. வேகம் வரை ஓடும். இங்கே திறன் கியர் பெட்டி வழியாகவே செல்கிறது. எனினும் அது சாலையில் ஓடும்போது உள்ள அளவுதான். ஆனால் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் திறன் செல்லும் காரை, இரண்டு சக்கரங்களுக்கான உருளைமேல் ஏற்றினால், ஓர் அச்சு சுழல மற்றது நிற்கும். இடையிலுள்ள பற்சக்கரத் தொகுதி சேதமடையலாம்.

மதிப்பீடு

• டீசல் காரின் புகைச் சோதனை சைக்கிளின் எந்த நிலைக்கு ஒப்பாகும்? ஏன்?
• “சோதனைக்கு மறுநாள் கியர் பெட்டி பழுதானது, ஆகவே சோதனையே காரணம்.” இம்முடிவை ஏற்க வேறென்ன தகவல்கள் தேவை?

இரண்டாவது வினாவுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். வண்டி எவ்வளவு பழையது, ஆயில் எப்போது மாற்றப்பட்டது, முன்பே சத்தம் இருந்ததா என்று மாணவர்கள் அடுக்கத் தொடங்குவார்கள். அடுத்து நடந்தது வேறு, அதனால் நடந்தது வேறு என்ற தெளிவு அங்கே பிறக்கும்.