தளம் போடாத தொட்டி

"அடியில தளம் போடாம விட்டா ஆயுசுக்கும் லாரி கூப்பிட வேண்டாம் சார். தண்ணி தானா மண்ணுல இறங்கிடும்." செப்டிக் டேங்க் கட்ட வருகிறவர் இப்படிச் சொன்னால், அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுங்கள். எங்களிடம் சொன்னவர் என் மச்சினன் கைகாட்டிய காண்ட்ராக்டர். நான் சந்தேகம் கேட்டபோது, "விடுங்க மாமா, அவருக்குத் தெரியாததா?" என்று என் வாயை அடைத்தவனும் அவன்தான்.

வீடு தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் பக்கம். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. 2015 வெள்ளத்தில் இந்தப் பகுதி பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஐப்பசி பிறந்துவிட்டால் இங்கே கடப்பாரையால் இரண்டு குத்துக் குத்தினாலே தண்ணீர் தெரியும். இந்த மண்ணில்தான் அந்த மனிதர் நாலு பக்கமும் சுவர் எழுப்பி, அடியை வெறும் மண்ணாக விட்டுவிட்டு, மேலே ஸ்லாப் போட்டு மூடினார். அழகாக இருக்கட்டும் என்று மேன்ஹோல் மூடிகளின் மேலேயே போர்ட்டிகோ டைல்ஸையும் ஒட்டினார்.

முதலில் சில வருஷம் அவர்தான் ஜெயித்தார். வெயில் காலத்தில் கழிவுநீர் மண்ணில் இறங்கியது, லாரி தேவைப்படவில்லை. நல்ல மழை பிடித்த வருஷம் எல்லாம் தலைகீழானது. வெளியே நின்ற நிலத்தடி நீர், திறந்து கிடந்த அடி வழியாக உள்ளே ஏறியது. தண்ணீர் ஊற்றினால் கழிப்பறை கொப்பளித்தது. டைல்ஸை உடைத்து, லாரி வைத்து உறிஞ்சினோம். மறுநாள் காலையில் மறுபடி விளிம்பு வரை நின்றது. லாரிக்காரர் நேர்மையான மனிதர். "இது கக்கூஸ் தண்ணி இல்ல சார், ஊத்து. எனக்குக் காசு குடுத்து நீங்க ஏரியை எறைக்கிறீங்க" என்றார். எஞ்சினியர் என்று கார்டு அச்சடித்தவர் சொல்லாததை அவர்தான் சொன்னார்.

அதைவிடப் பெரிய அடி போர் தண்ணீரில். பரிசோதனைக்குக் கொடுத்ததில் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம் 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2470. அரை கிரவுண்டில் வீடு கட்டிய நமக்கெல்லாம் அதற்கு இடம் ஏது? தொட்டியாவது ஒழுகாமல் இருக்க வேண்டாமா?

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: ஆளை இறக்கிச் சுரண்டச் சொல்வது. நான் முடியாது என்றதில் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே முறிந்துவிட்டது. உள்ளே நிற்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போக வைத்து ஆளைக் கொல்லும். அப்படி ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கலாம். நான் கோழை என்று அவர் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும்.

பங்குனியில், தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகு, வேறு மேஸ்திரியை வைத்து அடியில் கம்பி கட்டிக் கான்கிரீட் தளம் போட்டேன். உள்பூச்சு, நடுவில் தடுப்புச் சுவர், வரும் வாயிலும் போகும் வாயிலும் டி பைப், கொசுவலை கட்டிய வென்ட் பைப், இரண்டு அறைக்கும் கைக்கெட்டும் மூடி. போர்ட்டிகோ பாழாகிவிட்டது என்று வீட்டில் இன்னும் குறை. இருக்கட்டும், மூடி தெரிகிற போர்ட்டிகோதான் நல்ல போர்ட்டிகோ.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆசிட்டைக் குடம் குடமாய் ஊற்றாதீர்கள், கசடைச் செரிக்கும் பாக்டீரியா செத்துப்போகும். நாப்கினையும் டயப்பரையும் உள்ளே தள்ளாதீர்கள். மாடி மழைநீரைத் தொட்டிக்குத் திருப்பாதீர்கள். குளியல் தண்ணீர் வாழைக்குப் போகட்டும். கசடை எடுக்கவே வேண்டாம் என்று விற்கும் பாக்கெட் பவுடரை நம்பாதீர்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் லாரி வந்துதான் ஆக வேண்டும். அதையும் சித்திரை, வைகாசியில் கூப்பிடுங்கள். அடைமழையில் தொட்டியைக் காலி செய்தால் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் விரியும். ரெடிமேட் பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதந்தே மேலே வந்துவிடும். லாரியைக் கூப்பிடும் போன் நம்பர் 14420.

கழிப்பறை அடைத்தால் உடனே லாரிக்குப் போன் போடாமல், தொட்டிக்கு முன்னால் இருக்கும் சேம்பரைத் திறந்து பாருங்கள். அது காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பி நின்றால் கோளாறு அதற்குக் கீழே, பெரும்பாலும் தொட்டியில்தான்.

அந்தக் காண்ட்ராக்டர் இப்போது எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டுகிறார். அங்கே இடம் வாங்கியவர்களுக்குச் சொல்கிறேன்: குழி தோண்டும் நாளில் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். தளம் போட்டுப் பூசி முடித்ததும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்லாப் போட விடுங்கள். பாக்கிப் பணத்தையும் அதற்கு அப்புறம் கொடுங்கள்.