புக்கரெஸ்டுக்குப் போக முன் ஒரு கணக்குப் பாடம்



"யூரோப்புக்கு ஆள் எடுக்குறாங்களாம். ருமேனியாவாம். செலவு கொறைவான ஊராம்." இப்படியான பேச்சு இப்போது பல லயங்களிலும் அடிபடுகிறது. அத்தனையும் பொய்யல்ல, அத்தனையும் மெய்யுமல்ல. ஆகவே இம்மாதப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொள்வோம். போகவே வேண்டாம் என்று சொல்வது இப்பாடத்தின் நோக்கமல்ல. போகிறவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் நோக்கம்.

1. எந்த நாடு, எந்த ஊர்?

ருமேனியா ஐரோப்பாவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள நாடு. அதன் தலைநகரம் புக்கரெஸ்ட். 2007ஆம் ஆண்டில் ருமேனியாவும் அதன் பக்கத்து நாடான பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஒன்றியத்திலேயே விலைவாசி குறைந்த நாடுகளில் இவை இரண்டும் அடங்கும். ஆனால் சம்பளமும் ஜெர்மனி, பிரான்ஸ் போல இராது. விலை குறைவு என்றால் கூலியும் குறைவு என்பதை மறக்கவேண்டாம்.

அந்நாட்டுப் பிள்ளைகள் பலர் இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என்று வேலை தேடிப் போய்விட்டார்கள். அதனால் கட்டட வேலை, தையல் ஆலை, ஹோட்டல் முதலியவற்றுக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 2022 முதல் 2025 வரை ஒவ்வொரு வருடமும் 100,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க அந்த அரசு இடம் ஒதுக்கியது. இலங்கையர் அங்கே போகத் தொடங்கியதன் காரணம் இதுவே.

அங்கே செல்லும் காசு யூரோ அல்ல, 'லெயு'. பன்மையில் 'லெய்' என்பார்கள். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 5 லெய். 2025ஆம் ஆண்டில் ஒரு லெயு நம் காசில் 60 ரூபாவுக்கும் 70 ரூபாவுக்கும் இடையில் இருந்தது. இந்தப் பாடத்துக்கு 65 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

2. சொன்ன சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும்

செக்றோல் சம்பளத்தில் ஈ.பி.எப். பணம் நூற்றுக்கு 8 வெட்டுப்பட்ட பிறகுதான் மிச்சம் நம் கைக்கு வருகிறது. அங்கேயும் வெட்டு உண்டு, இங்கேயுள்ளதை விடப் பெரிய வெட்டு. ஓய்வூதியத்துக்கு நூற்றுக்கு 25, வைத்தியக் காப்புறுதிக்கு நூற்றுக்கு 10, மிகுதியில் வருமான வரி நூற்றுக்கு 10.

2025 ஜனவரியில் அந்நாட்டின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 4,050 லெய். அதை 65ஆல் பெருக்கினால் 263,250 ரூபா. தரகர் சொல்வது இந்தத் தொகையைத்தான். வெட்டுகள் போய், சிறு சலுகைகளும் சேர்ந்து, கைக்கு வந்தது ஏறக்குறைய 2,574 லெய். அதாவது 167,310 ரூபா. இரண்டுக்கும் இடையில் 95,000 ரூபாவுக்கு மேல் வித்தியாசம்!

எனவே கேட்கவேண்டிய முதற் கேள்வி: "அண்ணே, இது வெட்டுக்கு முந்தின சம்பளமா, கையில வார சம்பளமா?"

3. அங்கே போகும் செலவு

ஒருவர் சிக்கனமாக இருந்தால் சாப்பாட்டுக்கு 700, பஸ்ஸுக்கும் போனுக்கும் 150, உடுப்பு, மருந்து, வேறு கைச்செலவுக்கு 200 என்று உதாரணத்துக்குப் போடுவோம். மொத்தம் 1,050 லெய். தங்குமிடத்தைக் கம்பனி இலவசமாகக் கொடுத்தால் மிச்சம் 1,524 லெய், அதாவது 99,060 ரூபா.

தங்குமிடம் தம் செலவு என்றால்? அறையொன்றைப் பங்குபோட்டு எடுத்து 600 லெய் கொடுத்தாலும் மிச்சம் 924 லெய் ஆகிவிடும். அது 60,060 ரூபா. ஆகவே ஒப்பந்தத்தில் தங்குமிடம் யார் செலவு, சாப்பாடு யார் செலவு என்று எழுதியிருக்கவேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

சிக்கனமாகச் சீவிக்க அங்கே வழி உண்டு. புக்கரெஸ்டில் ஓபோர் என்னும் பெரிய சந்தை இருக்கிறது. உருளைக்கிழங்கு, கோவா, வெங்காயம், முட்டை எல்லாம் அங்கே வாங்கலாம். நம் களியைப் போலச் சோளமாவில் கிண்டும் 'மமலீகா' அவர்களுடைய ஏழை எளியவர் சாப்பாடு. வயிறு நிறையும், செலவு குறைவு. குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும், பனியும் கொட்டும். நுவரெலியாக் குளிர் பழகியவர்களுக்கும் அது புதுசுதான். தடித்த கோட்டும் சப்பாத்தும் அவசியம். பாவித்த உடுப்பு விற்கும் கடைகள் அங்கே நிறைய உண்டு. புதுசு வாங்க முன் அவற்றைப் பாருங்கள்.

4. கடன்தான் உண்மையான பரீட்சை

இப்போது பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருகிறோம். ஒரு தம்பி 10 இலட்சம் ரூபா கடன் வாங்கிப் போகிறான் என்று வைப்போம். ஐந்து வட்டிக் கடன். அதாவது மாதம் நூற்றுக்கு 5. அப்படியானால் வட்டி மட்டும் மாதம் 50,000 ரூபா.

தங்குமிடம் இலவசம். மிச்சம் 99,060 ரூபா. வீட்டுக்கு அம்மாவின் கையில் 40,000 ரூபா கொடுக்கிறான். கடனுக்கு 59,060 ரூபா போகிறது. வட்டி 50,000 போக, முதலில் குறைவது 9,060 ரூபா மட்டுமே. இப்படிக் கட்டினால் கடன் முடிய 38 மாதத்துக்கு மேல் ஆகும். மூன்று வருடம் உழைத்தது வட்டிக்காரருக்கு!

அதே 10 இலட்சத்தை வங்கியில் வருடத்துக்கு நூற்றுக்கு 15 வட்டியில் எடுத்திருந்தால், அதே 59,060 ரூபாவைக் கட்டி 20 மாதத்துக்குள் முடித்துவிடலாம். ஐந்து வட்டிதான் கிடைக்கும், ஆனால் கடன் 5 இலட்சம் மட்டும் என்றால் 12 மாதத்துக்குள் முடியும்.

அறைக் கூலியும் தானே கொடுத்து, 10 இலட்சமும் ஐந்து வட்டிக்கு என்றால்? மிச்சம் 60,060. வட்டி 50,000. வீட்டுக்கு ஒன்றும் அனுப்ப முடியாது. அப்படிப் போவதைவிடப் போகாமல் இருப்பது மேல்.

ஆகவே நினைவில் வைக்கவேண்டியது இது: ஊர் மலிவானதா என்பதைவிட, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதே நம் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

5. பத்திரங்கள்

(அ) பெயர். நம் ஆட்கள் பலருக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வேறு, பள்ளிக்கூடத்தில் இன்னொன்று. அன்று பதிந்தவர் எழுதியது அப்படியே நின்றுவிட்டது. கடவுச்சீட்டுக்குப் போக முன்பே இதைத் திருத்திக்கொள்ளுங்கள். காசு கட்டிய பிறகு திருத்த ஓடினால் காலமும் காசும் வீண்.

(ஆ) வேலை அனுமதி. ருமேனியாவில் உள்ள முதலாளிதான் அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு இதை எடுக்கவேண்டும். அது வந்த பிறகுதான் நீண்டகால வேலை விசா. சுற்றுலா விசாவில் போய் "அங்க போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

(இ) பணியகப் பதிவு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். வேலைக்குப் போகிறவர் புறப்பட முன் அங்கே பதியவேண்டும். முகவருக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. முகவரின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம்.

(ஈ) பற்றுச்சீட்டு. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். "நம்ம ஆள்தானே, சீட்டு எதுக்கு?" என்பவர் நம்ம ஆள் இல்லை.

6. அங்கே உங்கள் உரிமை

வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வழமையான வேலை வாரத்துக்கு 40 மணித்தியாலம். மேலதிக வேலைக்கு மாற்று ஓய்வு தரவேண்டும், இல்லையேல் அடிப்படைச் சம்பளத்தோடு குறைந்தது நூற்றுக்கு 75 கூட்டித் தரவேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 20 வேலைநாள் சம்பளத்துடன் லீவு உண்டு. கடவுச்சீட்டு உங்களுடையது, அதை எவரும் பிடித்து வைக்கக் கூடாது. அவசர உதவிக்கு 112.

நினைத்தவுடன் முதலாளியை மாற்ற முடியாது. அதற்கென்று ஒழுங்கு உண்டு. இன்னொன்று: 2025 ஜனவரி 1 முதல் ருமேனியாவின் தரை எல்லையிலும் ஷெங்கன் நாடுகளுக்குச் சோதனை எடுபட்டுவிட்டது. "அப்படியே இத்தாலிக்குப் போயிரலாம்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ருமேனிய அனுமதியோடு இத்தாலியில் வேலை செய்ய உரிமை இல்லை. பிடிபட்டால் இருந்த வேலையும் போய், கடன் மட்டும் மிஞ்சும்.

7. நாலு வார்த்தை

வணக்கம்: புன ஸிவ. நன்றி: முல்ட்சுமெஸ்க். என்ன விலை: கித் கோஸ்த. உதவி: அஜுதோர். இவற்றைப் புறப்பட முன்பே வாய்ப்பாடமாக்குங்கள்.

வீட்டாருக்கும் ஒரு குறிப்பு. குளிர்காலத்தில் நம் நேரம் மூன்றரை மணித்தியாலம் முந்தியிருக்கும், கோடையில் இரண்டரை. இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் பின்னேரம் நாலரை. பிள்ளை வேலையில் நிற்கும். போன் எடுக்கவில்லை என்று பயப்படவேண்டாம். காசை வங்கி மூலமே அனுப்பச் சொல்லுங்கள், உண்டியல் வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி

குடும்பமாக இருந்து ஒரு தாளில் இவற்றுக்கு விடை எழுதுங்கள்.

1. கைக்கு வரும் சம்பளம் எத்தனை லெய்?
2. தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு? ஒப்பந்தத்தில் இருக்கிறதா?
3. மொத்தக் கடன் எவ்வளவு? மாத வட்டி எவ்வளவு?
4. வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும்?
5. கடன் எத்தனை மாதத்தில் முடியும்? அது ஒப்பந்தக் காலத்துக்குள் வருகிறதா?

ஐந்தாவது விடை "ஆம்" என்றால் தைரியமாக அடுத்த அடியை வையுங்கள். "இல்லை" என்றால் கடனைக் குறைக்க வழி தேடுங்கள், அல்லது இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். கணக்குத் தெரியாதவர்கள் படித்த பிள்ளைகளிடம் இந்தத் தாளைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். முற்பணம் கொடுக்க முன் இந்தத் தாள் நிறைந்திருக்கவேண்டும்.