மணல் மூட்டையும் கண்ணாடியும்: குண்டை நிறுத்துவது எது?

தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவசரகாலக் கதை ஒன்றாவது கிடைக்கும். 1948 ஜூன் 16-இல் பேராக், சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்த மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அக்காலத்தில் மலாயாவின் பல தோட்டங்களில் துரை பங்களாவைச் சுற்றி முள்வேலி போட்டு, மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கார்களில் இரும்புத் தகடு பொருத்தினார்கள். பல லயத்து வீடுகளுக்கோ பலகைச் சுவர்தான் காவல்.

இதை வகுப்பில் சொன்னபோது கேமரன் மலை மாணவி ஒருத்தி கேட்டாள்: “மூட்டை அடுக்கினால் வெளியே பார்க்க முடியாதே, சார்! குண்டு துளைக்காத கண்ணாடி போட்டால் என்ன?”

நல்ல கேள்வி. பதிலைத் தேடுவோம்.

குண்டின் சக்தி எவ்வளவு?

இயக்கச் சக்தி = ½ × பொருண்மை × வேகம் × வேகம். பள்ளியில் ‘தெனாகா கினெட்டிக்’ என்று படிப்பீர்களே, அதுதான். 8 கிராம் எடையுள்ள கைத்துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வருகிறது என்போம். ½ × 0.008 × 400 × 400 = 640 ஜூல்.

50 கிலோ எடையுள்ள மாணவர் 1.3 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தாலும் தரையைத் தொடும்போது ஏறக்குறைய இதே சக்திதான். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? முழங்கால் மடங்குகிறது, சக்தி இரண்டு பாதங்களிலும் தசைகளிலும் பரவுகிறது. குண்டோ அதே சக்தியை விரல்நுனி அளவு இடத்தில் நொடிப்பொழுதில் இறக்குகிறது. ஆகவே, குண்டை நிறுத்த வேண்டுமானால் அந்தச் சக்தியைப் பரப்ப வேண்டும்.

மணல் மூட்டை செய்வதும் அதுதான். குண்டு ஒரு மணியைத் தள்ள, அது பல மணிகளைத் தள்ள, உராய்வில் சக்தி தீர்ந்துவிடுகிறது.

கண்ணாடி எப்படித் தாங்குகிறது?

சாதாரணக் கண்ணாடி கடினமானது, ஆனால் நொறுங்கிவிடும். 1903-இல் பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸின் கண்ணாடிக் குடுவை ஒன்று கீழே விழுந்தது. அது விரிசல் விட்டும் சிதறவில்லை. உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அடுக்குக் கண்ணாடி பிறந்த கதை இது. நம் கார்களின் முன்கண்ணாடியும் இந்த வகைதான்.

குண்டைத் தாங்கும் கண்ணாடியில் பல கண்ணாடித் தகடுகளும், அவற்றை ஒட்டும் நெகிழிப் படலங்களும் மாறி மாறி இருக்கும். கடினமான கண்ணாடி குண்டை நசுக்கித் தட்டையாக்குகிறது; தானும் விரிசல் விட்டுச் சக்தியை ஏற்கிறது. படலம் ரப்பரைப் போல் இழுபட்டு மீதியைப் பரப்புகிறது. பல கண்ணாடிகளில் அறைப் பக்கம் பாலிகார்பனேட் தகடு இருக்கும். உள்ளே இருப்பவர் முகத்தில் சில்லுகள் தெறிக்காமல் அது காக்கும். அதனால் மாட்டும்போது உட்புறம், வெளிப்புறம் மாறிவிடக் கூடாது.

வீட்டில் பொருத்தினால்?

கண்ணாடியின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,500 கிலோ. ஒரு சதுர மீட்டர் சன்னலில் 5 மில்லிமீட்டர் கண்ணாடி 12.5 கிலோ, 30 மில்லிமீட்டர் என்றால் 75 கிலோ! சாதாரண மரச் சட்டம் அதைத் தாங்குமா? சட்டமும் குண்டைத் தாங்க வேண்டும், சுவரும் தாங்க வேண்டும். பலகைச் சுவரில் இந்தச் சன்னலை மாட்டினால், குண்டு பக்கத்துப் பலகை வழியே உள்ளே வந்துவிடும். சங்கிலியின் வலிமை அதன் பலவீனமான கண்ணியில்தான்.

‘குண்டு துளைக்காத’ என்பதும் சரியான சொல் அல்ல. ஐரோப்பிய இ.என். 1063 தரப்படி இக்கண்ணாடிகளைத் துப்பாக்கி வகைக்கேற்பப் பிரித்துச் சோதிக்கிறார்கள். நாம் கணக்கிட்ட கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்குவது பி.ஆர். 2 நிலை. 9.5 கிராம் ரைஃபிள் குண்டு வினாடிக்கு 830 மீட்டர் வேகத்தில் வந்தால் சக்தி ஏறக்குறைய 3,270 ஜூல். அதற்குப் பி.ஆர். 6 நிலை தேவை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சுட்டால் எந்தக் கண்ணாடியும் ஒரு கட்டத்தில் தோற்கும். ‘குண்டைத் தாங்கும் கண்ணாடி’ என்பதே பொருத்தம்.

செய்து பாருங்கள்

இரண்டு கிரீம் கிரேக்கர் பிஸ்கட் எடுங்கள். ஒன்றின் இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டுங்கள். இரண்டையும் கரண்டியால் ஒரே அளவு விசையில் தட்டுங்கள். எது சிதறியது? எது விரிசலோடு நின்றது? காரணத்தை எழுதுங்கள்.

யோசியுங்கள்

குண்டின் எடை இரு மடங்கானால் ஆபத்து கூடுமா, வேகம் இரு மடங்கானால் கூடுமா? மேலே உள்ள சூத்திரத்தில் எண்களை இட்டுப் பாருங்கள். அந்த மாணவிக்கும் இதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.