பிரியும் முன் கடன் யார் பேரில் என்று பாருங்கள்

எங்கள் ஊர் மங்கலம் பக்கம் ஒரு குடும்பம் பிரிகிறதென்றால், பல சமயம் ஒரு சின்னக் கம்பெனியும் சேர்ந்தே பிரிகிறது. நாலு ஓவர்லாக், ரெண்டு பேட்லாக் மெஷின் போட்டு ஜாப்வொர்க் எடுக்கும் யூனிட்டாக இருக்கலாம், கூலிக்கு ஓட்டும் விசைத்தறிக் குடோனாக இருக்கலாம். அதற்குள் பெண்ணின் நகை போயிருக்கும், இருவர் உழைப்பும் போயிருக்கும், இருவர் கையெழுத்திலும் கடன் நிற்கும். ஆனால் பெரியவர்கள் கூடிப் பேசும்போது பேச்சு முழுக்க ஜீவனாம்சத் தொகையைச் சுற்றியே நடக்கிறது. நானும் என் கணவரும் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தவர்கள். கைக்கு வரப்போகும் பணத்தை எண்ணுவதற்கு முன், தலையில் தங்கப்போகும் கடனை எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

எங்கள் யூனிட்டின் ஜிஎஸ்டி பதிவு என் பேரில் இருந்தது. பெண் பேரில் லோன் சுலபம் என்று ஆரம்பத்திலேயே அப்படி எடுத்தோம். இந்த ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள். தனிநபர் உரிமையில் எடுத்த பதிவு உரிமையாளரின் பான் எண்ணோடு கட்டப்பட்டது. உரிமையாளரை மாற்ற வழியில்லை. என் பதிவை ரத்து செய்து, கணவர் தன் பேரில் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னும் போட வேண்டும். ரத்துக்கு முந்தைய வரிப் பாக்கி எதுவானாலும் நம் தலையில்தான். விவாகரத்து மனு போடுவதற்கு முன்பே இதை முடித்துக்கொண்டோம்.

மெஷின் டீலரிடமும் துணிக் கடையிலும் ஈடாகக் கொடுத்திருந்த என் கையெழுத்திட்ட வெற்றுச் செக்குகளை, செக்புக் அடிக்கட்டையைப் பார்த்து நம்பர் வாரியாக எழுதித் திரும்ப வாங்கினேன். செக் திரும்பினால் 138-வது பிரிவு வழக்கு கையெழுத்துப் போட்டவர் மீதுதான் வரும். விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டித் தப்ப முடியாது.

வங்கிக்கும் நம் தீர்ப்பு ஒரு பொருட்டல்ல. 'கடனை அவரே கட்டுவார்' என்று கோர்ட்டில் எழுதிக்கொண்டாலும், கூட்டாகக் கையெழுத்துப் போட்டவரை வங்கி விடாது. மேனேஜரிடம் பேசி, எனக்குப் பதிலாக அவருடைய அண்ணன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் பெயர் நீங்கியது. மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் எல்லாம் பெண் பேரில்தான் இருக்கும், பணம் எங்கே போனாலும். அதைத் தனியாக ஒரு பட்டியல் போட்டு, அடைத்துவிட வேண்டும் என்று பிரிவு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நகைக்கு வருவோம். பெண்ணுக்குப் போட்ட சீர் நகை சீதனம். அது அவளுக்கே சொந்தம், கணவன் வீட்டில் இருந்தாலும் அவளுடையதுதான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அடகுச் சீட்டு அவர் பேரில் இருந்தால், அது யார் நகை என்று நாம்தான் காட்ட வேண்டும். அடகுச் சீட்டில் கிராம் எடையும் உருப்படியும் எழுதியிருக்கும். அதைக் கல்யாண போட்டோவோடும் நகைக்கடை பில்லோடும் ஒப்பிட்டு, ஆரம் எத்தனை பவுன், வளையல் எத்தனை என்று வரிசையாக எழுதினோம். சண்டை பாதியாகக் குறைந்தது.

சம்மதம் இல்லாமல் வழக்காகப் போனால் பெரிய பாடு, வருமானத்தைக் காட்டுவது. இங்கே சனிக்கிழமைச் சம்பளம் கையில் வருகிறது, சம்பளச் சீட்டு கிடையாது. பக்கத்துத் தெருத் தங்கச்சி ஒருத்தியின் கணவர், வாரத்துக்கு ஏதோ கொஞ்சம்தான் வருகிறது என்று சாதித்தார். அவர் எழுதி வைத்த நாற்பது பக்க நோட்டு அவளிடம் இருந்தது. ஸ்டைல் நம்பர், பீஸ், ரேட், 'அட்வான்ஸ் போக' என்று பென்சிலில் அவர் கையெழுத்திலேயே வாரவாரியாக! ஜாப்வொர்க் டெலிவரி சலான்களும் ஜிபே வரவும் சேர்ந்தபோது கணக்கு வெளியே வந்தது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். பெண்ணும் தன் டெய்லரிங் வருமானத்தை மறைக்கக் கூடாது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கும் ஜீவனாம்ச வழக்குப் போடும் வழி உண்டு என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்திருக்கிறது.

வீடு கணவர் பேரில் இருந்தால் பாதி தானாக வந்துவிடும் என்று நம்புகிற பெண்கள் நிறைய. அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. வீட்டு வேலை செய்தே சொத்துச் சேர உதவிய மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம்தான், ஆனால் அதை நம்பி வழக்காடினால் வருஷங்கள் ஓடும். பேசி எழுதி வாங்குவதென்றால் விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம். 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் இருவரும் ஒரே குடும்பம் இல்லை. சலுகையும் இல்லை.

"பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுங்க அம்மிணி, கோர்ட்டுக்கு எதுக்குங்?" என்று எங்களிடமும் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் நோட்டரி முன் எழுதும் விடுதலைப் பத்திரத்தால் இந்துத் திருமணம் முறியாது. அதை நம்பி மறுமணம் செய்தால் குற்றவழக்கு வரை போகும். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகு இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் சேர்ந்து மனுப் போடலாம். பிறகு இரண்டாவது மனுவுக்கு ஆறு மாதம் காத்திருப்பு. தகுந்த காரணம் இருந்தால் அதை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இடையில் யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுக்கவும் வேண்டாம், கடைசி நாள் வரை வாங்காமல் இருக்கவும் வேண்டாம். ஒரு பகுதி முதல் மனுவின்போது, மீதி இரண்டாவது மனுவின்போது டிடியாக என்று எழுதிக்கொள்ளுங்கள். குழந்தையின் ஸ்கூல் பீஸ் யார், எந்த மாதம், எந்தக் கணக்கில் கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

வக்கீல் பீசுக்குப் பயந்து பேசாமல் இருக்கும் பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம். உதவி எண் 15100.

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் பிஎஃப், எல்ஐசி, வங்கிக் கணக்கு மூன்றிலும் நாமினியை மாற்றுங்கள். தீர்ப்பு வந்ததால் அந்தப் பெயர் தானாக மாறாது. நான் என் மகள் பெயரைப் போட்டேன். மைனர் என்பதால் எல்ஐசி படிவத்தில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளராக என் தங்கையின் பெயரையும் சேர்த்தேன்.