வரைபடம் இல்லாமல் கப்பலா?

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வரைபடம் போடாமலே பெரிய கப்பல்களைக் கட்டினார்களாமே, நிஜமா? பிறகு எப்போது வரையத் தொடங்கினார்கள்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆம்ஸ்டர்டாம் வட்டாரத்தைப் பொறுத்தவரை நிஜம்தான். வரைபடம் கிடையாது, கணக்கு உண்டு.

நிக்கோலாஸ் விட்சன் 1671-இல் வெளியிட்ட கப்பல் கட்டும் நூலில், 134 அடி நீளக் கப்பல் ஒன்றை வைத்து அந்தக் கணக்கை விளக்குகிறார். நீளம் எத்தனை அடியோ, 10 அடிக்கு ஓர் அங்குலம் வீதம் முகப்பு மரத்தின் கனம். அந்தக் கனத்தை வைத்து மற்ற மரங்களின் கனம். ஆக, நீளத்தைச் சொல்லிவிட்டால் தச்சருக்குப் பாதி வேலை முடிந்தது.

அடிப்பகுதியின் வளைவு மட்டும் மேஸ்திரியின் கண்ணளவு. கப்பலின் முதுகெலும்பான ஏரா மரத்தை நிறுத்தி, இருபுறமும் அடிப்பலகைகளைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். வங்குகள், அதாவது கப்பலின் விலா மரங்கள், பிறகுதான். அதுவரை பலகைகளைப் பெரிய இடுக்கிகளால் பிடித்து, மூட்டுகளின் மேல் சிறு கட்டைகளை ஆணியடித்து நிறுத்துவார்கள். உருவம் திருப்தியானதும், அதற்குப் பொருந்துமாறு வங்குகளைச் செதுக்கி உள்ளே வைப்பார்கள். கட்டைகளைப் பெயர்த்தெடுத்து, ஆணித் துளைகளை மரமுளையால் அடைப்பார்கள். கடலிலிருந்து மீட்ட நெதர்லாந்து நிலங்களில் அகப்பட்ட பழைய கப்பல் பலகைகளில் அந்த முளைகளை இன்றும் பார்க்கலாம்.

ராட்டர்டாம் பக்கம் வழி வேறு. முதலில் சில வங்குகளை நிறுத்தி, அவற்றை நீளச் சட்டங்களால் இணைத்து உருவம் பிடித்தார்கள். 1697-இல் கார்னேலிஸ் வான் ஐக் இதை நூலாக எழுதினார்.

அதே ஆண்டில்தான் ரஷ்யாவின் ஜார் பீட்டர், ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் தச்சுவேலை பழகினார். அங்கே கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதன் வடிவத்தைக் காகிதத்தில் போட்டு விளக்கத்தான் ஆள் இல்லை. அந்த ஏமாற்றத்தோடு 1698-இல், வரைந்து கட்டும் வழக்கம் இருந்த இங்கிலாந்துக்குப் போனார்.

ஆம்ஸ்டர்டாம் கடற்படை நிர்வாகமும் 1727-இல் ஆங்கிலேயக் கப்பல் தச்சர்களையே வரவழைத்தது. வரைந்து கட்டும் முறை அங்கே வேரூன்றியது அவர்கள் வழியாக. இதனால் பழைய தச்சர்களுக்குத் தொழில் தெரியாது என்று ஆகிவிடாது. உலகம் சுற்றியவை அவர்கள் கட்டிய கப்பல்கள். ஆனால் மேஸ்திரியின் கண்ணை அதிகாரி சரிபார்க்க முடியாது. தாளில் உள்ள கோட்டைச் சரிபார்க்கலாம், அதே கப்பலை இன்னொரு பட்டறையிலும் கட்டச் சொல்லலாம். வரைபடம் தேவைப்பட்டது தச்சருக்கு அல்ல, நிர்வாகத்துக்கு.