சென்னைக்குக் குடிபோகிறீர்களா? வீட்டுக்கு முன் ஏரியாவைப் பாருங்கள்

மதுரை, திருநெல்வேலி, கோவை என்று வெளியூர்களிலிருந்து மாற்றலாகிச் சென்னைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு சனி, ஞாயிறில் வீடு பார்த்துவிடுகின்றன. புரோக்கர் காட்டும் நாலு வீடுகளில் டைல்ஸும் கிச்சனும் நன்றாக இருப்பதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். வீடு பிடிக்காவிட்டால் அடுத்த தெருவுக்கு மாறிக்கொள்ளலாம். ஏரியா ஒத்துவராவிட்டால் பள்ளிக்கூடம், பஸ், கேஸ், ரேஷன் எல்லாவற்றையும் மறுபடி கலைத்து அடுக்க வேண்டும். சென்னையில் ஏரியாவைத் தீர்மானிக்க வேண்டியவை தண்ணீரும் தினசரிப் பயணமும். வாடகை அதற்கு அப்புறம்தான்.

1. முதலில் வேலை செய்யும் இடம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ‘சென்னையில் வேலை’ என்றால் அது தரமணியாக இருக்கலாம், சிறுசேரியாக இருக்கலாம், அம்பத்தூர் எஸ்டேட்டாக இருக்கலாம், ஸ்ரீபெரும்புதூரோ ஒரகடமோகூட இருக்கலாம். சிறுசேரிக்குப் போகிறவர் அண்ணா நகரில் வீடு எடுத்தால், சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற சந்தோஷம் ஒரு மாதம்கூடத் தாங்காது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், யாருக்குப் பயணம் கஷ்டமோ அவருக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். வீடு திரும்பியதும் அடுப்படிக்குள் நுழைகிறவர் யார் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ரயில் பாதையை ஒட்டி வீடு தேடுவது இந்த ஊரில் எப்போதும் நல்ல முடிவு. கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருந்தால் கிண்டி, நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் சுலபம். மகேந்திரா சிட்டிக்குப் போகிறவர்களுக்கும் இதே பாதையில் பரனூர் ஸ்டேஷன் இருக்கிறது. சென்ட்ரல் பக்கம் வேலை என்றால் பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி. தரமணிக்குப் போகிறவர்கள் பறக்கும் ரயிலை நம்பி மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில்கூட இருக்கலாம். மெட்ரோவில் நீல வழித்தடம் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரைக்கும், பச்சை வழித்தடம் சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலை வரைக்கும் ஓடுகின்றன. வடசென்னை என்றாலே வேண்டாம் என்று தலையாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரம்பூரிலும் புரசைவாக்கத்திலும் கிடைக்கும் கடை, பள்ளி, ரயில் வசதி புதிதாக முளைத்த பல புறநகர்களில் கிடையாது.

3. ‘மெட்ரோ வரப்போகுது சார்’ என்று கூடுதல் வாடகை கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கி.மீ. நீளத்துக்கு மூன்று வழித்தடங்களாகத் திட்டமிடப்பட்டது. வேலை நடக்கும் சாலையில் தடுப்பும் தூசியும்தான் முதலில் வரும். இன்றைக்கு ஓடும் ரயிலுக்கு மட்டும் காசு கொடுங்கள்.

4. முடிவெடுக்கும் முன் ஒரு வேலை நாளில், ஆபீஸ் போகும் நேரத்தில் அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வரைக்கும் போய்ப் பாருங்கள். சாயங்காலம் திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) காரோட்டிப் பார்த்துவிட்டு ‘முக்கால் மணி நேரம்தான்’ என்று சொல்கிற கணக்கு திங்கட்கிழமை செல்லாது. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ராத்திரி எட்டரைக்கு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா என்று அப்போதுதான் தெரியும். வீட்டுப் பெண்கள் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் என்றால், சாதாரண கட்டண டவுன் பஸ் அந்த வழியில் அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். 2021 முதல் அந்தப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதம் முடிந்தால் கையில் நிற்கும் பணம் அது.

5. மழைத் தண்ணீர் நிற்குமா? சென்னையில் வீடு பார்க்கும்போது இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரம் முழுக்க மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் போய்ச் சேரும் இடம் அது. அதைச் சுற்றிக் கட்டிய வீடுகளுக்குள் மழைக்காலத்தில் தண்ணீர் வருவதில் ஆச்சரியம் இல்லை.

இதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, வீட்டிடம்தான் கேட்க வேண்டும். கீழ்த்தள வீடு என்றால் மரக்கதவின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். பிளைவுட் உப்பி, ஓரம் பிரிந்து, அதன் மேல் புதுப் பெயின்ட் அடித்திருக்கும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் வேறு நிறம், அல்லது அந்த உயரம் வரை புதிதாக ஒட்டிய டைல்ஸ். பிளக் பாயின்ட்டுகள் இடுப்புக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கும். வெளியே வந்து தெருவைப் பாருங்கள். ரோடு மேல் ரோடாகப் போட்டு, வீட்டுத் தரை ரோட்டை விடத் தாழ்ந்து போயிருந்தால் அந்த வீடு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தெருமுனையில் தேய்ப்பு வண்டி போட்டிருப்பவரிடம் போங்கள். “அண்ணா, மிக்ஜாம் புயலப்போ இங்க தண்ணி நின்னுச்சா?” என்று கேட்டால் போதும். “அந்த நீல கேட் வரைக்கும் வரும்மா, அதுக்கு மேல ஏறாது. இந்தப் பக்கம் மூணு நாள் கரண்ட் இல்ல” என்று வீடு வீடாகக் கைகாட்டிச் சொல்லிவிடுவார். ஒரே தெருவில் ஒரு முனை மூழ்கும், மறு முனை காயும். அது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

6. அடுத்தது கோடைத் தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். அதனால் ‘தண்ணி பிரச்னையே இல்ல’ என்ற பதிலோடு நிறுத்தாமல் துருவிக் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) கனெக்ஷன் இருக்கிறதா, தெருக்குழாயில் மட்டும் வருகிறதா? சம்ப்பில் நிரம்புவது தினமுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா? போர் எத்தனை அடி? மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கினார்களா, அந்தச் செலவு மெயின்டெனன்ஸில் அடங்குமா, தனியா? 12,000 லிட்டர் லாரி அந்தத் தெருவுக்குள் திரும்ப முடியுமா?

போர் தண்ணீரின் குணத்தை அங்கேயே சோதித்துவிடலாம். பாத்ரூம் குழாய் முனையிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிந்து கிடந்தால் கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு வேகாது, ஹீட்டர் காயில் சீக்கிரம் போகும், தலைமுடி முரடாகும். ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய், தங்கியிருக்கும் வீட்டில் கைப்பிடிப் பருப்பை வேகவைத்துப் பாருங்கள். குடிக்க, சமைக்க கேன் வாங்க வேண்டியிருந்தால் அந்தக் காசையும் வாடகையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

7. முகவரியில் ‘சென்னை’ என்று இருப்பதால் மட்டும் அது மாநகராட்சி ஆகிவிடாது. 2011-இல் எல்லை விரிந்து சென்னை மாநகராட்சி 200 வார்டுகளானது. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள். மேடவாக்கம், முடிச்சூர் போன்றவை ஊராட்சிகளாகவே வளர்ந்தவை. குப்பை யார் எடுப்பார்கள், பாதாளச் சாக்கடை உண்டா, இல்லை செப்டிக் டேங்க் லாரியா, கொசு மருந்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913 எண்ணில் புகார் சொல்லலாம்.

8. காற்று அடிக்கும் பக்கத்தையும் கவனியுங்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை வளாகங்களின் பக்கமும், மணலி, எண்ணூர் தொழிற்சாலைப் பகுதிகளின் பக்கமும் வீடு பார்த்தால், பகலில் ஒரு தடவையும் ராத்திரி ஒரு தடவையும் மொட்டை மாடியில் நின்று மூச்சு இழுத்துப் பாருங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

9. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் பள்ளியில் இடம் உறுதியான பிறகு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். இங்கே பல தனியார் பள்ளிகளில் சேர்க்கை ஜூனுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். பழைய பள்ளியில் டி.சி. வாங்கும்போதே பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (கல்வித் துறை தரும் மாணவர் எண்) குறித்துக்கொள்ளுங்கள், புதுப் பள்ளியில் கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் முக்கியம்.

10. வயதான அம்மா, அப்பா கூட வருகிறார்களா? லிப்ட் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். கோயில், பார்க், ஆவின் பூத், மருந்துக்கடை நடக்கும் தூரத்தில் இருக்கின்றனவா? ஊரில் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் பேசியவர்கள் மூடிய பிளாட்டுக்குள் வாடிப்போவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பேச்சுத்துணை கிடைக்கிற தெருவுக்காக ஆயிரம், இரண்டாயிரம் வாடகை கூடினாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

11. கரண்டுக்குத் தனி மீட்டர் இல்லாத வீட்டை எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கும்போது முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்காரர் சப்-மீட்டர் போட்டு ‘யூனிட்டுக்கு இவ்வளவு’ என்று வசூலித்தால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடுவதால், இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லாருக்கும் நஷ்டம். சர்வீஸ் நம்பரை வாங்கி, பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

12. அட்வான்ஸும் அக்ரிமென்ட்டும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது சட்டப்படி தப்பு. ‘கூடாது’ என்று சட்டம் சொல்வதைத் தன்மையாக எடுத்துச் சொல்லிப் பேரம் பேசுங்கள். பல வீட்டுக்காரர்கள் ஐந்துக்கோ நாலுக்கோ இறங்கி வருவார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். புரோக்கர் கமிஷன் வழக்கமாக ஒரு மாத வாடகை. அதையும் வீடு பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள்.

13. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று சுற்றி வளைத்துக் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மீன் வறுக்கும் நாளில் ஜன்னலை மூடிக்கொண்டு பயந்து பயந்து வாழ்வதற்கு நாம் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

14. ஆடியிலும் மார்கழியிலும் பலர் பால் காய்ச்ச மாட்டார்கள். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் வீடு தேட அதுதான் சரியான நேரம். நம்பிக்கை உண்டு என்றால் ஆடியில் வீட்டைப் பேசி முடித்து, ஆவணியில் குடிபோகலாம். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்காக எல்லாரும் அலைவதால் பேரத்துக்கு இடமே இருக்காது.

15. சாமான் ஏற்றும் கம்பெனியை வீட்டுக்கு வரச் சொல்லி, பொருள்களைப் பார்த்த பிறகு எழுத்தில் விலை வாங்குங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்குத் தனிக்கூலி எல்லாம் அதில் இருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். நகை, சான்றிதழ், மாத்திரை மூன்றும் கைப்பையில்தான்.

16. கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, மாற்றலுக்கான வவுச்சரை வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ஏஜென்சியில் அதைக் காட்டி அப்போதைய டெபாசிட் கட்டினால் இணைப்பு கிடைக்கும். ஒன்றிரண்டு நாள் சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு கையில் இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார் முகவரி மாற்றத்தை வந்த மாதமே செய்துவிடுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

17. சாவி வாங்கும் அன்று, சாமான் இறங்கும் முன், காலி வீட்டை முழுக்க வீடியோ எடுங்கள். சுவரில் உள்ள ஆணி ஓட்டை, சிங்க் விரிசல், ஓடாத ஃபேன், மூடாத ஜன்னல், மீட்டர் ரீடிங் எல்லாம் அதில் வர வேண்டும். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘பார்த்தேன்’ என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் எதைப் பிடிப்பது என்ற பேச்சு வரும்போது காட்ட அது இருக்கும்.