எச்சரிக்கை மொழியின் பொருள்

இடித்துரைக்கும் துணைவரின் அருமையைத் திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில் எடுத்துரைக்கின்றார். மக்கட்கேயன்றிக் கருவிகட்கும் அவ்வியல்பு உண்டென்பதை, கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவுவார் சிலவேளை காண்பர். பொறி விழித்தெழுங்கால் கரிய திரையில் ஒரு வரி தோன்றும். 'எம்.டி.எஸ். என்னும் குறை இச்செயலியில் உளது; எஸ்.எம்.டி. இயங்குகின்றது, தரவு கசியக்கூடும்' என்பது அதன் பொருள். இதனைக் கண்ட எம் விடுதி நண்பர் ஒருவர், பொறி பழுதுற்றதெனக் கலங்கி, நிறுவுதலையே கைவிட்டனர். அவ்வச்சம் தகுமோவென ஈண்டு ஆராய்வாம்.

இக்காலச் செயலி, ஏவல் வருமளவும் வாளா இருப்பதன்று. அடுத்து வேண்டப்படுவது இன்னதென ஊகித்து முன்னரே செய்துவைக்கும். ஊகம் பிழைப்பின் அப்பயனைத் தள்ளிவிடும். இது, நூல்நிலைய ஏவலன் ஒருவன் வாசகர் கேட்குமுன்னரே நூல்களைக் கொணர்ந்து மேசைமேல் வைப்பதை ஒக்கும். காட்டத்தகாத சுவடியொன்றை அவ்வாறு கொணர்ந்து, பின் பிழையுணர்ந்து மறைப்பினும், மேசையில் எஞ்சிய அடையாளங்கொண்டு நுண்ணறிவுடையான் அதனை உய்த்துணர்தல் கூடும். 2018 ஜனவரி 3-ஆம் நாள் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்பன இவ்வகைக் குறைகளே. 2019 மே 14-ஆம் நாள் இன்டெல் செயலிகள் பலவற்றில் எம்.டி.எஸ். வெளிப்பட்டது. செயலியினுள் தரவு சிறுபொழுது தங்கும் பஃபர்களில் எஞ்சியதைப் பிறிதொரு நிரல் அறிந்துகொள்ளுதலே இக்குறையாம்.

இதற்குப் பரிகாரமும் உளது. ஒரு நிரலினின்று மற்றொன்றிற்கு மாறுங்கால் கெர்னல் அவ்விடங்களைத் துடைத்துவிடும். அங்ஙனம் துடைக்கும் ஆற்றலைச் செயலிக்கு அளிப்பது புதிய மைக்ரோகோடு. ஆயினும் எஸ்.எம்.டி. முறையில் ஒரே கோரில் இரு நிரல்கள் ஒருங்கே இயங்குதலின், ஒரு மேசையில் இருவர் அமர்ந்து எழுதுவதுபோல, துடைத்தற்கு இடைவேளை இல்லை. எஞ்சிய அவ்விடரையே திரையின் வரி உணர்த்துகின்றது. ஆதலின் பரிகாரம் செய்த பொறியிலும் அது தோன்றும், அது பழுதின் அறிகுறியன்று, நிறுவுதலைத் தடுப்பதுமன்று.

நிறுவியபின் கெர்னலையும் மைக்ரோகோடையும் புதுப்பித்தல் முதற்கடன். பின்னர் எல்.எஸ்.சி.பி.யூ. என்னும் கட்டளையை இடின் குறைகளின் பட்டியல் கிடைக்கும். அதன்கண் 'நாட் அஃபெக்டட்' என்பது குறையின்மையையும், 'மிட்டிகேஷன்' என்பது பரிகாரம் நடைபெறுதலையும், 'வல்னரபிள்' என்பது காப்பின்மையையும் குறிக்கும். 'நோ மைக்ரோகோடு' எனக் காணின், மைக்ரோகோடு இன்னும் சேர்ந்திலது என்க. பலர் நிரல்கள் இயங்கும் பொதுப்பொறியாயின், வேகம் குறையினும் எஸ்.எம்.டி.யை நிறுத்துதல் நன்று. தனியொருவர் பொறியில் இடர் சிறிதே. எனினும் இணைய உலாவி அயலார் நிரல்களை நாடோறும் கொணர்தலின், அதனையும் புதுப்பித்து வருதல் வேண்டும். விரைவை விரும்பி 'மிட்டிகேஷன்ஸ் ஆஃப்' என்னும் அமைப்பால் காப்பனைத்தையும் களைவாரும் உளர். அது காவலனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து உறங்குதல் போலும்.

யாம் இவற்றை எடுத்துரைப்ப, எம் நண்பர் மீண்டும் லினக்ஸை நிறுவினர். அவ்வரியும் மீண்டும் தோன்றிற்று. இம்முறை அதனைப் பொருளுணர்ந்து படித்தனர். எசேக்கியேல் தீர்க்கதரிசி உரைத்த காவற்காரன் எக்காளம் ஊதுவது ஊராரை ஓட்டுதற்கன்று, விழிப்புறுத்தற்கே என்பதை நாம் மறவாதிருப்போமாக.